போர்டு செத்த பிறகு

கடலோர ஊர் மெக்கானிக்குகள் அடிக்கடி சொல்லும் வாக்கியம், ‘போர்டு போச்சு.’ ஹேவ்லாக்கில் இதைக் கேட்பவருக்கு வயிற்றைக் கலக்கும். அந்தமானில், போர்ட் பிளேயரிலிருந்து வடகிழக்கே சுமார் 40 கிலோமீட்டர் கடல் தாண்டியிருக்கும் தீவு அது. விமான நிலையம் கிடையாது. 2018 டிசம்பரில் அரசு அதற்கு ஸ்வராஜ் த்வீப் என்று பெயர் சூட்டியது. பேச்சில் இன்னும் ஹேவ்லாக்தான். ஃபிரிட்ஜின் போர்டோ, ஏசியின் போர்டோ, டைவிங் கடையில் சிலிண்டருக்குக் காற்று அடைக்கும் கம்ப்ரசரின் கட்டுப்பாட்டு போர்டோ போய்விட்டால், மாற்று போர்டு சென்னையிலிருந்தோ கொல்கத்தாவிலிருந்தோ போர்ட் பிளேயர் வந்து, அங்கிருந்து படகேற வேண்டும். அதற்குள் அந்த மாடலையே கம்பெனி நிறுத்திவிட்டிருந்தால் என்ன செய்வது?

முதலில் போர்டைக் கொன்றது யார் என்று பார்த்துவிடலாம். உப்பு தனியாகவும் ஈரம் தனியாகவும் செய்யும் சேதம் கொஞ்சம்தான். இரண்டும் கூட்டுச் சேரும்போதுதான் வேலை நடக்கிறது. சமையல் உப்பான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்தே தண்ணீரை உறிஞ்சி, தானே கரைசலாகிவிடும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி நீர்த்துப்போவது இதனால். கடல் உப்பிலோ மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அதற்கு 33 சதவீத ஈரப்பதமே போதும். அந்தமானின் காற்று அவ்வளவு வறண்டுபோவதே இல்லை. ஆகவே, அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளி காற்றில் மிதந்து வந்து போர்டின் மேல் உட்கார்ந்தால், அது முழுதாகக் காய்வதே கிடையாது. கண்ணுக்குத் தெரியாத உப்புநீர்ப் படலம் வருடம் முழுக்க அங்கே இருக்கிறது.

போர்டில் ஓடும் செம்புத் தடத்தின் கனம் வழக்கமாக 35 மைக்ரான். தலைமுடியின் கனத்தில் பாதி. பக்கத்துப் பக்கத்தில் ஓடும் இரண்டு தடங்களில் ஒன்றில் 12 வோல்ட், இன்னொன்றில் பூஜ்யம் என்று வையுங்கள். நடுவில் உப்புநீர்ப் படலம். பள்ளிக்கூட ஆய்வகத்தில் செய்த மின்பகுப்புச் சோதனை அங்கே ஓசையில்லாமல் நடக்க ஆரம்பிக்கிறது. நேர்முனைத் தடத்திலிருந்து உலோகம் கரைகிறது. எதிர்முனையில் போய்ப் படிந்து, பெரணி இலை போலக் கிளைவிட்டு, கரைந்த தடத்தை நோக்கியே வளர்கிறது. கிளை ஒருநாள் எதிர்த் தடத்தைத் தொடும். ஷார்ட் ஆகும். போர்டு போகும். காரைக்குடியில் 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், மண்டபத்தில் உலோகத் தகடுகளைக் கடற்காற்றில் நிறுத்திவைத்து அரிமானத்தை ஆராய்ந்துவருகிறது. எந்த ஊரில் உலோகம் எவ்வளவு வேகமாக அரிக்கும் என்று காட்டும் இந்திய வரைபடத்தைத் தயாரித்தவர்களும் அவர்களே.

செத்த போர்டுக்கு மாற்று செய்யும் கலை மிகச் சிறப்பாக வளர்ந்திருக்கும் இடத்தைத் தேடிப்போனால், ஃபிரிட்ஜுக்கும் ஏசிக்கும் சம்பந்தமில்லாத ஓர் உலகத்தில் போய் நிற்போம். அது பின்பால் விளையாட்டு இயந்திரங்களின் உலகம்.

சாய்ந்த மேஜை, மேலே கண்ணாடி, உள்ளே 27 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் குண்டு. பக்கத்திலிருக்கும் பொத்தானை அழுத்தினால் ‘ஃபிளிப்பர்’ என்கிற சின்னத் துடுப்பு குண்டை மேலே அடிக்கும். குண்டு போய் முட்டும் இடமெல்லாம் விளக்கெரியும், மணியடிக்கும், எண்ணிக்கை ஏறும். பாலி, வில்லியம்ஸ், காட்லீப் என்று சிகாகோ நகரத்துக் கம்பெனிகள் இதைச் செய்தன. ஃபிளிப்பர் வந்தது 1947இல், காட்லீப்பின் ‘ஹம்ப்டி டம்ப்டி’யில். அதற்கு முன்பு குண்டைத் தள்ளிவிட்டு வேடிக்கை பார்ப்பதுதான் ஆட்டம் என்பதால் பல ஊர்கள் இதைச் சூதாட்டம் என்று கருதின. நியூயார்க் நகரம் 1942இல் தடை போட்டு 1976இல்தான் எடுத்தது.

அந்த எழுபதுகளின் நடுவில்தான் இயந்திரத்தின் உட்புறம் மாறியது. அதுவரை ரிலேக்களும் மோட்டார்களும் செய்த கணக்கை மைக்ரோபிராசசர் எடுத்துக்கொண்டது. பாலி கம்பெனியின் 1977ஆம் வருட ‘எய்ட் பால்’ 20,000க்கும் மேல் விற்றது. அதன் மூளை, 1974இல் மோட்டோரோலா கொண்டுவந்த 6800 சிப். அந்த போர்டின் ஓரத்தில், ஆட்டத்தின் உச்ச எண்ணிக்கைகளையும் கணக்குகளையும் கரண்ட் போனாலும் மறக்காமல் வைத்திருக்க, 3.6 வோல்ட் நிக்கல்-காட்மியம் பாட்டரி ஒன்றை ஈயம் வைத்துப் பொருத்தியிருந்தார்கள்.

அந்தப் பாட்டரிதான் எமன். உள்ளே இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, கடும் காரம். வயதான பாட்டரியின் ஓரத்தில் அது கசியும். கசிந்தது காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து வெள்ளைப் பொடியாகும். செம்போடு சேர்ந்து நீலப்பச்சைப் பூஞ்சை போலப் படரும். தடங்களின் மேலுள்ள பச்சைப் பூச்சுக்கு அடியிலேயே ஊர்ந்துபோகும். சிப் செருகும் சாக்கெட்டின் கால்களைத் தின்னும். ஒயரின் இழைகளுக்குள் ஏறி வேறு போர்டுக்கும் போகும். பாலி போர்டில் பாட்டரிக்குப் பக்கத்திலேயே, இயந்திரத்தை ஒழுங்காக உயிர்ப்பிக்கும் ரீசெட் சுற்று இருந்தது. முதலில் சாவது அதுதான். கொஞ்சமாக அரித்திருந்தால் வினிகர் தடவிக் காரத்தை முறித்து, சுத்த நீரில் கழுவி, போன தடத்துக்கு ஜம்பர் ஒயர் வைத்துப் பிழைக்கவைக்கலாம். நிறைய அரித்துவிட்டால் ஈயமே ஒட்டாது. செம்பு கறுத்துப்போய் ஈயத்தை உருட்டித் தள்ளிவிடும். ஹேவ்லாக்கில் கடற்காற்று வெளியிலிருந்து செய்வதை இங்கே பாட்டரி உள்ளிருந்து செய்தது. முடிவு ஒன்றுதான்.

இதற்கு மேல் புது போர்டு செய்ய வேண்டும். அதை எப்படிச் செய்கிறார்கள் என்பதில்தான் அறிவியல் இருக்கிறது.

பழைய போர்டை அப்படியே நகலெடுக்க வேண்டும் என்று முதலில் தோன்றும். கைதேர்ந்தவர்கள் அப்படித் தொடங்குவதில்லை. அவர்கள் முதலில் பார்ப்பது கனெக்டர்களை. போர்டுக்குள் என்ன நடக்கிறது என்பது இயந்திரத்துக்குத் தெரியாது. எந்தப் பின்னில் எத்தனை வோல்ட், எப்போது, எவ்வளவு நேரம் வருகிறது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். அந்தப் பின்களில் பழைய போர்டு என்ன பேசியதோ அதையே புது போர்டும் பேசினால், உள்ளே என்ன சிப் வைத்தாலும் இயந்திரம் ஓடும். அதனால் அளவெடுப்பது கனெக்டரில் ஆரம்பிக்கும். பின்னுக்குப் பின் 2.54 மில்லிமீட்டரா 3.96 மில்லிமீட்டரா, போர்டின் விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளி, திருகு ஓட்டைகள் எங்கே. கைக்காட் போன்ற இலவச மென்பொருளில் வரைந்து முடித்ததும், தொழிற்சாலைக்கு அனுப்புவதற்கு முன்பு, அசல் அளவிலேயே காகிதத்தில் அச்சடித்து அட்டையில் ஒட்டி, இயந்திரத்துக்குள் வைத்துப் பார்ப்பார்கள். கனெக்டர் அரை மில்லிமீட்டர் விலகியிருந்தாலும் அட்டையிலேயே தெரிந்துவிடும்.

அடுத்தது தடத்தின் அகலம். 35 மைக்ரான் கனத்தில் ஒரு மில்லிமீட்டர் அகலத் தடம் சுமார் 2.4 ஆம்பியர் கொண்டுபோனால் 10 டிகிரி சூடேறும். அதே தடம் 10 சென்டிமீட்டர் நீளம் இருந்தால் அதன் மின்தடை ஏறக்குறைய 0.05 ஓம். சிப்புகளுக்கிடையே போகும் சிக்னலுக்கு இதெல்லாம் பொருட்டே இல்லை. ஆனால் பின்பாலில் குண்டை அடிக்கும் சாலினாய்டு சுருள்கள் 43 வோல்ட்டில் ஓடுகின்றன. சுருளின் மின்தடை 10 ஓம் என்றால் 4.3 ஆம்பியர், கிட்டத்தட்ட 185 வாட். கட்டைவிரல் பருமனுள்ள சுருளில் இது நொடியின் சிறு பகுதிக்கு மட்டும் பாய வேண்டும். நின்றுவிட்டால் சுருள் புகைந்து, சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் உருகும்.

மாற்று போர்டு செய்பவரின் தரத்தை நான் இந்த ஓர் இடத்தை வைத்தே எடைபோடுவேன். இன்றைய மைக்ரோகன்ட்ரோலருக்கு மின்சாரம் கொடுத்த கணத்தில் அதன் பின்கள் எந்த நிலையிலும் இருக்காமல் அந்தரத்தில் தொங்கும். உள்ளே நிரல் எழுந்து, ‘எல்லாச் சுருளும் ஆஃப்’ என்று சொல்வதற்கு ஆயிரத்தில் சில பங்கு நொடிகள் ஆகலாம். அந்த இடைவெளியில் சுருள்களை ஓட்டும் டிரான்சிஸ்டர்கள் ஆன் ஆகிவிட்டால் எல்லாச் சுருளும் ஒரேயடியாகத் துள்ளும். நிரல் பாதியில் உறைந்துபோனால் இன்னும் மோசம், துள்ளிய சுருள் அப்படியே நின்று எரியும். வில்லியம்ஸ் கம்பெனி அந்தக் காலத்திலேயே ‘பிளாங்கிங்’ என்றொரு தனிச் சுற்று வைத்திருந்தது. பிராசசர் ஒழுங்காகத் துடித்துக்கொண்டிருக்கும் வரைதான் சுருள்களுக்கு அனுமதி. துடிப்பு நின்றால் அனுமதி ரத்து. புது போர்டில் ஒவ்வொரு டிரான்சிஸ்டரின் வாயிலையும் (கேட்) தரைக்கு இழுக்கும் ரெசிஸ்டர் ஒன்றும், இந்த அனுமதிச் சுற்றும் கட்டாயம் இருக்க வேண்டும். விளையாட்டு இயந்திரமோ தீவிலிருக்கும் கம்ப்ரசரோ, மூளை எழுவதற்கு முன்பு கைகால் அசையக் கூடாது.

விளக்குகளின் கதை இன்னும் சுவையானது. பாலி இயந்திரத்தில் விளக்குகளை எரியவிடுவது எஸ்.சி.ஆர். என்கிற பாகம். அதைத் தூண்டிவிட்டால் ஆன் ஆகும். ஆஃப் செய்ய நமக்கு வழி கிடையாது, அதன் வழியே ஓடும் மின்னோட்டம் தானாக நின்றால்தான் அது அணையும். அதனால் விளக்குகளுக்கு மழமழவென்ற நேர்மின்சாரம் தராமல், ஏறி இறங்கிப் பூஜ்யத்தைத் தொடும் மின்சாரத்தைத் தந்தார்கள். அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 120 முறை அது பூஜ்யத்தைத் தொடும். ஒவ்வொரு முறையும் எல்லா விளக்கும் அணையும், பிராசசர் வேண்டியதை மட்டும் திரும்பத் தூண்டும். கண்ணுக்கு எதுவும் தெரியாது. நம் ஊரின் 50 ஹெர்ட்ஸில் அது 100 முறை. பூஜ்யத்தைக் கண்டுபிடிக்காமல் 120 என்று எண்ணிக்கையை நிரலில் எழுதிவைத்துவிட்ட போர்டு இங்கே வந்தால் விளக்கெல்லாம் தாறுமாறாக மினுக்கும்.

இதில் புதிதாக ஒரு சிக்கலும் சேர்ந்தது. பழைய குண்டு பல்புகளைக் கழற்றிவிட்டு எல்இடி போட ஆரம்பித்தார்கள். எஸ்.சி.ஆர். ஆன் நிலையிலேயே நிற்க, அதன் வழியே குறைந்தபட்ச மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பாலி பயன்படுத்திய 2என்5060க்கு அது அதிகபட்சம் 5 மில்லிஆம்பியர். குண்டு பல்பு அதைவிடப் பல மடங்கு இழுத்ததால் யாரும் அதைக் கவனிக்கவில்லை. எல்இடி சில மில்லிஆம்பியரிலேயே திருப்தியடைந்துவிடும். எஸ்.சி.ஆர். பிடி தளர்ந்து விட்டுவிடும், விளக்கு நடுங்கும். புது விளக்கு போர்டு வடிவமைத்தவர்கள் இதற்கு எஸ்.சி.ஆரையே எடுத்துவிட்டு மாஸ்ஃபெட் என்கிற டிரான்சிஸ்டரை வைத்து, பழைய எஸ்.சி.ஆரைப் போலவே பூஜ்யம் வரும்வரை ஆனில் நிற்கும்படி செய்தார்கள். பாகம் மாறிவிட்டது. நடத்தை மாறவில்லை. நல்ல மாற்று போர்டு என்றால் எனக்கு நினைவுக்கு வருவது இதுதான்.

மாஸ்ஃபெட் வந்ததில் சூடும் குறைந்தது. சுருள்களை ஓட்டிய பழைய டார்லிங்டன் டிரான்சிஸ்டர் 2 ஆம்பியர் ஓடும்போது ஒன்றரை வோல்ட் வரை தானே விழுங்கும். 3 வாட் சூடு. ஆன் நிலையில் 0.05 ஓம் மட்டுமே மின்தடையுள்ள மாஸ்ஃபெட் அதே வேலைக்கு 0.2 வாட்தான் வீணாக்கும். ஆனால் இன்றைய மைக்ரோகன்ட்ரோலர் பேசுவது 3.3 வோல்ட்டில், பழைய இயந்திரம் பேசுவது 5 வோல்ட்டில். டிடிஎல் வகைச் சிப்புக்கு 2 வோல்ட்டைத் தாண்டினாலே ‘ஒன்று’ என்று புரிந்துவிடும். பக்கத்திலேயே இருக்கும் பழைய சிமாஸ் சிப்புக்கு 3.5 வோல்ட்டாவது வேண்டும். ஒரே போர்டில் பாதி சிக்னல் வேலைசெய்து பாதி செய்யாமல் போகும். வெயிலடிக்கும் நேரத்தில் ஒன்று, ஏசி போட்டால் வேறொன்று. இடையில் வோல்ட் மாற்றும் சிப் வைத்தால் தீர்ந்துபோகும் விஷயம், தெரியாவிட்டால் வாரக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

பாட்டரியைப் பொறுத்தவரை எல்லோரும் ஒரே மனதாக இருக்கிறார்கள். புது போர்டில் அது இருக்கவே கூடாது. கரண்ட் இல்லாமலே நினைவில் வைத்திருக்கும் எஃப்-ரேம் என்கிற நினைவகம் வந்துவிட்டது. படிகத்துக்குள் அணுக்கள் ஒரு பக்கம் நகர்ந்து அங்கேயே நின்றுவிடுவதை வைத்து அது எழுதுகிறது. கசிவதற்கு அதில் எதுவும் இல்லை.

பழைய போர்டுக்கு முழு விசுவாசமாக இருப்பதும் சில சமயம் தவறு. வில்லியம்ஸின் எழுபதுகளின் போர்டுகளில் மூளை போர்டையும் சுருள்களை ஓட்டும் டிரைவர் போர்டையும் 40 பின் கனெக்டர் ஒன்று இணைத்தது. அதிர்ந்துகொண்டேயிருக்கும் பெட்டிக்குள், தகரப் பூச்சுப் பின்கள் மெல்ல உரசி உரசித் தூளாகி, கறுத்து, தொடர்பை விட்டுவிடும். அந்த இயந்திரங்களின் பாதி நோய்க்கு அந்தக் கனெக்டரே காரணம் என்பார்கள் பழுதுபார்ப்பவர்கள். மாற்று செய்தவர்களில் சிலர் இரண்டு போர்டையும் ஒன்றாக்கி அந்தக் கனெக்டரையே ஒழித்துவிட்டார்கள். அருங்காட்சியகத்துக்கு வேண்டுமானால் பழையபடியே செய்யலாம். ஓடவேண்டிய இயந்திரத்தில் நோயையும் சேர்த்து நகலெடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

இத்தனையும் நடந்தது எப்படி? அந்தக் கம்பெனிகள் இயந்திரத்தோடு மின்வரைபடத்தையும் அச்சடித்துக் கொடுத்தன. எந்தச் சிப்பின் எந்தக் கால் எங்கே போகிறது, எங்கே எத்தனை வோல்ட் இருக்க வேண்டும், எல்லாம் அதில் இருந்தது. பாலி போர்டு ஒருபடி மேலே போய்த் தன் நோயைத் தானே சொல்லும். ஆன் செய்ததும் போர்டிலுள்ள சின்ன எல்இடி முதலில் ஒரு மினுக்கு மினுக்கும். பிறகு ஒவ்வொரு பாகத்தையும் பிராசசர் சோதித்து, சரியாக இருந்தால் ஒரு முறை கண்சிமிட்டும். நிரல் நினைவகம், வேலை நினைவகம், பாட்டரி நினைவகம், வெளியுலகோடு பேசும் இரண்டு சிப்புகள், கடைசியாக நேரத் துடிப்புகள். ஏழு சிமிட்டல் வந்தால் இயந்திரம் தயார். மூன்றோடு நின்றால் நான்காவதைப் பார். கடைத்தெரு மெக்கானிக், அலைக்காட்டி இல்லாமலே பழுதைக் கண்டுபிடிக்கட்டும் என்று நினைத்துச் செய்தது அது. ஐம்பது வருடமாகப் போகிறது. இன்னும் அந்த ஏழு சிமிட்டலுக்காகக் காத்திருக்கிறார்கள்.

எதிர்த் திசையிலும் உதாரணம் உண்டு. காட்லீப் கம்பெனி 1977இல் தன் முதல் மின்னணு இயந்திரங்களுக்கு ராக்வெல் நிறுவனத்தின் தனிவகைச் சிப்புகளை வாங்கியது. கால்கள் பரப்பி உட்கார்ந்திருப்பதால் அவற்றை ‘ஸ்பைடர்’ என்பார்கள். விளையாட்டின் அடிப்படை நிரலில் ஒரு பகுதி சிப்புக்குள்ளேயே அடைபட்டிருந்தது. ராக்வெல் அந்தச் சிப்பை நிறுத்தியதும் வேறு யாரும் அதைச் செய்யவில்லை. இந்த இயந்திரங்களுக்கும் மாற்று போர்டுகள் வந்துவிட்டன. ஆனால் அவற்றைச் செய்தவர்கள் சிப்பைச் செய்ய முடியாமல், அது நடந்துகொள்ளும் விதத்தை இயந்திரத்திலிருந்தே படித்து, புது மைக்ரோகன்ட்ரோலரில் திரும்ப எழுத வேண்டியிருந்தது.

ஹேவ்லாக்கின் ஃபிரிட்ஜ் போர்டு இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. வரைபடம் வருவதில்லை. நிரலோ சிப்புக்குள் பூட்டப்பட்டிருக்கிறது, வெளியிலிருந்து படிக்க முடியாதபடி. 2022 ஜூலையில் ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு குழு அமைத்தது. அதே வருடம் டிசம்பரில் அதற்கான இணையதளமும் தொடங்கப்பட்டது. வீட்டு உபயோகப் பொருட்களும் அதன் பட்டியலில் உண்டு. அங்கே கம்பெனிகள் கையேட்டையும் சர்வீஸ் சென்டர் முகவரியையும் மட்டும் போட்டால் தீவுக்காரருக்குப் பெரிய பிரயோஜனம் இல்லை. போர்டின் மின்வரைபடம் வேண்டும். கனெக்டரில் எந்தப் பின் என்ன செய்கிறது என்ற ஒரு பக்கமாவது வேண்டும். அந்த ஒரு பக்கம் கிடைத்தால் சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய பாகங்களை வைத்தே கம்ப்ரசரை ஓட்டும் எளிய போர்டு ஒன்றைச் செய்துவிடலாம். சென்சரின் வெப்பநிலையைப் படித்து ரிலேயை ஆன் ஆஃப் செய்வதுதானே அதன் பெரும்பாலான வேலை.

தீவுக்கென்று செய்யும் போர்டில் இன்னும் சில விஷயங்கள் சேரும். 230 வோல்ட் ஓடும் தடங்களுக்கும் மற்றவற்றுக்கும் நடுவே இடைவெளியைத் தாராளமாக விட வேண்டும். முடிந்தால் போர்டையே வெட்டிப் பள்ளம் விட வேண்டும், உப்புப் படலத்துக்குப் பாலம் கிடைக்காதபடி. ஈயம் வைத்து முடித்ததும் ஃபிளக்ஸ் பசையைச் சுத்தமாகக் கழுவ வேண்டும், ஏனென்றால் அதுவும் ஈரத்தை இழுக்கும். பிறகு காப்புப் பூச்சு. சிலிகோன் பூச்சு உறுதியானதுதான். ஆனால் நாளை ஒரு பாகத்தை மாற்ற வேண்டுமென்றால் சுரண்டி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அக்ரிலிக் பூச்சைக் கரைப்பானால் துடைத்துவிட்டு வேலைபார்த்து மறுபடி பூசலாம், தீவுக்கு அதுவே தோது. கனெக்டர் பின்களில் மட்டும் பூச்சு படக் கூடாது, முதலிலேயே டேப் ஒட்டி மறைத்துவிட வேண்டும். அந்தப் பின்னும் அதில் செருகும் கூடும் ஒரே உலோகப் பூச்சாக இருக்க வேண்டும். தங்கத்தில் தகரத்தைச் செருகினால் உப்பு ஈரத்தில் தகரம்தான் சாகும். புது போர்டுக்கு முதன்முதலாக மின்சாரம் கொடுக்கும்போது 100 வாட் குண்டு பல்பு ஒன்றை சீரியஸில் போட்டுக் கொடுப்பது நல்லது. ஷார்ட் இருந்தால் பல்பு பிரகாசமாக எரியும், போர்டு தப்பிக்கும்.

வரைபடம் இல்லாத போர்டுக்கு வரைபடத்தை நாமே போட்டுக்கொள்ளலாம். போர்டு சாவதற்கு முன்பே அதைச் செய்ய வேண்டும், செத்த போர்டில் அளப்பதற்கு வோல்ட்டே இருக்காது. மூடியைக் கழற்றி இரு பக்கமும் நல்ல வெளிச்சத்தில் படமெடுப்பது, சிப்புகளின் மேலுள்ள எண்களை எழுதிவைப்பது, மின்சாரத்தை நிறுத்திவிட்டு மல்டிமீட்டரின் பீப் சத்தத்தை வைத்துக் கனெக்டரின் ஒவ்வொரு பின்னும் எங்கே போகிறது என்று தடம் பிடிப்பது. வோல்ட் அளக்கும் வேலையை விவரம் தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டுவிட வேண்டும், மூடி திறந்த ஃபிரிட்ஜ் போர்டில் 230 வோல்ட் கையெட்டும் தூரத்தில் இருக்கும். கம்ப்ரசர் ஓடும்போது இந்தப் பின்னில் இத்தனை, நிற்கும்போது இத்தனை, கதவைத் திறந்தால் இத்தனை என்று நோட்டில் ஒரு பக்கம். சென்சரைக் கழற்றிப் பனிக்கட்டி நீரில் வைத்தால் எத்தனை ஓம், அறை வெப்பத்தில் எத்தனை ஓம் என்று இரண்டு வரி. அந்த நோட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஃபிரிட்ஜின் பின்பக்கத்திலேயே ஒட்டிவைத்துவிடலாம்.